பெண் நாய்க்கும் பெண் பூனைக்கும் பெயர் வைக்க: எழுதும் பெயர், கூப்பிடும் பெயர்

பெண் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்த அன்றே ஆளுக்கொரு பெயர் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு மணி, ஜூலி, ரோஸி. பிள்ளைகளுக்கு அப்போது பார்த்துக்கொண்டிருக்கும் கார்ட்டூனில் வரும் பெயர். நல்ல தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் ஐந்தெழுத்து, ஆறெழுத்தில் ஒன்றைத் தேடிக் கொண்டுவருவார். ஒரு மாதம் போனால் அந்தப் பெயர் தடுப்பூசி அட்டையில் மட்டும் இருக்கும். வீட்டில் எல்லோரும் 'பாப்பா' என்றோ 'குட்டி' என்றோ கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். காகிதத்தில் பார்த்துப் பிடித்துப்போன பெயரை யாரும் ஒருமுறை வாய்விட்டுக் கத்திப் பார்க்காததால் வருவது இது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று இருக்கிறதல்லவா? அதே ஏற்பாடுதான் இங்கேயும் நன்றாக வேலை செய்கிறது. எழுதுவதற்கு அழகான முழுப்பெயர். கூப்பிடுவதற்கு அதிலிருந்தே உருவிய இரண்டசைப் பெயர். இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். முழுப்பெயரை மட்டும் வைத்துவிட்டுச் சுருக்கத்தை விதியிடம் விட்டால் 'குட்டி'யில்தான் வந்து நிற்கும்.

முதலில் குட்டியைப் பாருங்கள்

பெண்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நாய்க்குட்டியில் குழப்பம் கிடையாது. ஆணுக்குத் தொப்புளுக்குச் சற்றுப் பின்னால், வயிற்றிலேயே சிறுநீர்த் துவாரம் தெரியும். பெண்ணுக்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஏமாற்றுவது பூனைக்குட்டிதான். வாலைத் தூக்கிப் பார்த்தால், பெண்ணுக்கு ஆசனவாயும் பிறப்புறுப்பும் நெருக்கமாக இருக்கும், கீழே உள்ளது சிறு கீற்றுப்போல் தெரியும். ஆணுக்கு இடைவெளி கூடுதல், கீழே உள்ளது வட்டப் புள்ளி. எட்டு வாரம் வரை அனுபவசாலிகளும் இதில் தவறுவதுண்டு. நிறமும் கொஞ்சம் துப்புத் தரும். வெள்ளை, கருப்பு, ஆரஞ்சு மூன்றும் கலந்த பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெண்தான். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், கருப்பும் ஆரஞ்சும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும், அது பொதுவாகப் பெண்ணுக்குத்தான் உண்டு. முழு ஆரஞ்சுப் பூனைகளிலோ ஐந்தில் நான்கு ஆண். ஆகவே செம்பட்டைக் குட்டிக்குச் 'செம்பருத்தி' என்று வைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்து, இன்றைய நிறம் நாளைக்கும் இருக்குமா? பூனைக்குட்டிகள் எல்லாமே நீலக் கண்ணோடுதான் கண் திறக்கும். ஆறு, ஏழு வாரத்துக்குமேல் உண்மை நிறம் வரத் தொடங்கும். 'நீலா' என்று வைத்த குட்டிக்கு மூன்று மாதத்தில் மஞ்சள் கண் வந்து நிற்கும். சயாமியப் பூனை பிறக்கும்போது வெளிறிய வெள்ளை, பிறகுதான் முகமும் காதும் காலும் வாலும் கருக்கும். டால்மேஷன் குட்டிக்குப் பிறந்த அன்று ஒரு புள்ளிகூட இருக்காது. ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி கருகருவென்று வந்து, வளர வளரப் பழுப்பேறும். ராஜபாளையத்தில் இந்தத் தொல்லை இல்லை, பால்வெள்ளை பால்வெள்ளையாகவே இருக்கும்.

உருவமும் அப்படித்தான். உள்ளங்கையில் அடங்கும் லாப்ரடார் பெண்குட்டி வளர்ந்தால் 25 முதல் 30 கிலோ. 'பொடி', 'கடுகு' என்று வைப்பதில் ஒரு குறும்பு இருக்கிறது, அது தெரிந்தே செய்தால் சரி.

இதையெல்லாம் பார்க்க மூன்று நான்கு நாள் போதும். ஒரு வாரத்துக்குமேல் தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் 'ஏய்' என்பதே பெயராகப் பதிந்துவிடும்.

வாயில் நிற்கும் பெயர்

நாய்க்கும் பூனைக்கும் காது நம்மைவிடப் பல மடங்கு கூர்மை. நாயின் செவி சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரையும் பூனையின் செவி 64,000 ஹெர்ட்ஸ் வரையும் போகும், நமக்கு 20,000 தான் எல்லை. எனவே கேட்பது ஒரு சிக்கலே இல்லை. தொலைக்காட்சி, குக்கர் விசில், நான்கு பேர் பேச்சு இவற்றுக்கு நடுவே 'இது எனக்கான ஒலி' என்று பிரித்தறிவதுதான் சிக்கல். அதற்குப் பெயரின் ஒலி உதவ வேண்டும்.

தமிழில் இதற்கு இயல்பாகவே ஒரு வசதி உண்டு. சொல்லின் முதலில் வரும் க, த, ப வெடித்துப் பிறக்கும் ஒலிகள். நடுவில் இரட்டித்து வரும் ட்ட, த்த, ப்ப, ச்ச இன்னும் அழுத்தமானவை. பட்டு, முத்து, மொட்டு, சிட்டு, பச்சை போன்றவை கூட்டத்தில் தனித்துக் கேட்பது இதனால்தான். ய, வ, ல, ழ மட்டும் நிறைந்த 'யாழ்', 'எழிலி' காதுக்கு இனிமை, ஆனால் தெருமுனையிலிருந்து கூப்பிட்டால் காற்றோடு கரைந்துவிடும்.

முடிவு அதைவிட முக்கியம். இ, ஈ, ஆ என்று உயிரில் முடிந்தால் நீட்டிக் கூப்பிடலாம்: பொன்னீ, வள்ளீ, நிலாஆ. 'ம்' என்று முடிந்தால் வாய் மூடிக்கொள்கிறது, ஒலி அங்கேயே நின்றுவிடும். அனிச்சம், மோகனம், தளவம் எல்லாம் எழுதும் பெயராக இருக்கட்டும். கூப்பிட அனிச்சி, மோனி, தளவி. மெய்யில் முடியும் 'கயல்' யாரும் சொல்லாமலே 'கயலு' ஆகும். ஐயில் முடிபவை பேச்சில் ஏகாரமாகும்: முல்லை 'முல்லே', வைகை 'வைகே'. இதெல்லாம் குறையில்லை. ஆனால் பெயரை எடைபோடும்போது எழுத்து வடிவத்தை விட்டுவிட்டு இந்தப் பேச்சு வடிவத்தைச் சொல்லிப் பாருங்கள். நாய் கேட்கப்போவது அதைத்தான்.

குறுகிய ஒலியை அடுக்கிச் சொன்னால் விலங்கு உன்னி எழும், நீண்டு இறங்கும் ஒலிக்கு அடங்கும். நம்மூரில் கோழிக்குப் 'பா பா பா', நாய்க்குத் 'தோ தோ' என்று அடுக்குவதும் அதனால்தான் பலிக்கிறது. இரண்டசைப் பெயர் இரண்டுக்கும் வளைந்து கொடுக்கும்: ஓடிவரச் சட்டென்று 'பட்டு பட்டு', தட்டிக்கொடுத்து அமைதிப்படுத்த 'பட்டூ…'.

கட்டளையோடு மோதக்கூடாது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நாய்க்கு நீங்கள் என்னென்ன கட்டளை சொல்லப்போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் வா, உக்காரு, இரு, நில்லு, படு, போ, வேணாம். அல்லது சிட், ஸ்டே, கம், நோ. பிறகு பெயரின் முதல் அசையை ஒவ்வொன்றோடும் ஒட்டிப் பாருங்கள்.

'சிட்டு' அருமையான பெயர், ஆனால் 'சிட்' என்று உட்காரப் பழக்கும் வீட்டில் வைத்தால் நாய் பெயர் கேட்கும்போதெல்லாம் உட்காரும். 'பட்டு'வும் 'படு'வும் அவசரத்தில் ஒன்றுபோல் கேட்கும். 'நிலா'வுக்கு 'நில்லு', 'வாணி'க்கு 'வா', 'கமலி'க்குக் 'கம்', 'நோரா'வுக்கு 'நோ', 'பூவி'க்குப் 'போ'. பெயரை விட மனமில்லையென்றால் கட்டளையை மாற்றுங்கள்: பட்டுவுக்குப் 'படு' வேண்டாம், 'டவுன்' சொல்லலாம், சிட்டுவுக்கு 'உக்காரு'. பூனைக்குக் கட்டளைத் தொல்லை குறைவு என்பதால் இந்தப் பகுதியைப் பூனைக்காரர்கள் தாண்டிப்போகலாம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிராணி இருந்தால் எதுகைப் பெயரைத் தவிருங்கள். மல்லி, வள்ளி, அல்லி என்று மூன்று சகோதரிகளுக்கு வைத்தால் கேட்க அழகு. சாப்பாட்டு நேரத்தில் ஒன்றைக் கூப்பிட மூன்றும் வரும், ஒன்றைத் திட்ட மூன்றும் ஒளியும். முதல் அசையும் உயிரும் மாறட்டும்: மல்லி, கோதை, சிப்பி.

பொருளுள்ள பெயரை எங்கே தேடுவது

இணையத்தில் 'பெண் நாய்ப் பெயர்கள் 500' என்று பட்டியல் பார்ப்பதில் பயன் குறைவு. அவை எந்த நாய்க்கும் பொருந்தும், அதனாலேயே உங்கள் நாய்க்குப் பொருந்தாது. உங்கள் முன்னால் நிற்கும் குட்டியின் நிறத்திலிருந்தும் குறியிலிருந்தும் தொடங்குவது நல்லது.

மாடு வளர்க்கும் ஊர்களில் இதற்கென்றே ஒரு சொல்வளம் இருக்கிறது. செவலை, மயிலை, காரி, புள்ளி; நெற்றியில் வெள்ளைப் பொட்டிருந்தால் சுட்டி. காங்கேயம் மாட்டின் நிறத்துக்குச் சொல்லும் 'மயிலை' சாம்பல் நிறப் பூனைக்கு அப்படியே பொருந்தும், அதிலேயே மயிலும் இருக்கிறது. கருப்பி, வெள்ளச்சி, செம்பி ஆகியவை நாட்டுநாய்க்கு இன்றும் வைக்கும் பெயர்கள். பழையவை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, 'செம்பி' ஒலியிலும் முடிவிலும் குறையே இல்லாத பெயர். கன்னி நாய் வாங்கியவர்கள் சிலர் அதையே பெயராகவும் வைத்துவிடுகிறார்கள். அது இனத்தின் பெயர். அடுத்த தெருவில் இன்னொரு கன்னி வந்தால் என்ன செய்வீர்கள்?

புள்ளியும் திட்டும் உள்ள குட்டிக்குத் துணிக்கடை உதவும். மதுரைச் சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தெடுத்த வெண்புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். கருப்பிலோ பழுப்பிலோ வெள்ளைப் புள்ளி தெறித்த பெண்ணுக்குச் 'சுங்குடி' என்று வைத்துச் 'சுங்கி' என்று கூப்பிடலாம். வரியுள்ள பூனைக்குக் 'கண்டாங்கி'. கருப்பு நிறத்துக்கு 'மிளகு', வெளிர்பொன்னுக்குத் 'தினை', கரும்பழுப்புக்குக் 'கருப்பட்டி'. கருப்பட்டியைப் 'பட்டி' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், மலையாளத்தில் பட்டி என்றால் நாய், வசவும்கூட. கன்னியாகுமரிப் பக்கமும் கோவை எல்லையிலும் கூப்பிட்டால் சிரிப்பார்கள்.

பூக்கள்தான் பெரிய சுரங்கம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார். அதில் பாதி இன்று மனிதர்களுக்கு யாரும் வைக்காத பெயர்கள்; ஆகவே தெருவில் எந்தப் பெண்ணின் பெயரோடும் மோதாது. வெள்ளைக்குத் தும்பை, பிடவம், முல்லை. மஞ்சளுக்கு ஆவிரை, கொன்றை, செருந்தி, வேங்கை. வேங்கை பூவும் ஆகும், புலியும் ஆகும். வரிபோட்ட பொன்னிற நாய்க்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைப்பது கடினம். சிவப்புக்குத் தோன்றி, காந்தள். மௌவல் மல்லிகை இனக் கொடி, வெண்பூ. பூனைக்கு வைத்து 'மௌவி' என்று கூப்பிட்டால் அது தன் பெயரைத் தானே சொல்வதுபோல் இருக்கும்.

பட்டியலைக் கண்மூடி எடுக்கவும் கூடாது. 'காயா' சாம்பல் நீலப் பூனைக்கு ஏற்ற கருநீலப் பூதான். ஆனால் கூப்பிடும்போதெல்லாம் தெருப்பிள்ளைகள் 'பழமா?' என்று எதிர்க்குரல் கொடுப்பார்கள். 'பூளை' வெண்பஞ்சுபோல் இருக்கும் பூ, கொங்குநாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவது. பஞ்சுப் பூனைக்குப் பொருள் கச்சிதம். ஆனால் 'பூளே' என்று மாடியிலிருந்து கத்திப் பார்க்க வேண்டாம், காதில் வேறு சொல்லாக விழும். 'குவளை' என்றால் பாதிப் பேர் தண்ணீர் டம்ளரைத்தான் நினைப்பார்கள். 'நள்ளிருணாறி', நள்ளிரவில் மணம் வீசும் பூ, கருப்புப் பூனைக்காகவே செய்த பெயர் போலிருக்கும். 'நாறி' என்பதை இன்றைக்குக் கூப்பிட முடியாது. அதே பூவுக்கு 'இருவாட்சி' என்ற பெயர் இருக்கிறது, 'வாச்சி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ஆறுகளில் பொன்னி, பொருநை, வைகை, சிறுவாணி எல்லாம் நல்லவை. ராகங்களில் ஆரபி, சாவேரி, ஆபேரி, பேகடா ஆகியவை நீட்டிக் கூப்பிட ஏற்றவை. 'தோடி'க்கு நாம் நாயைக் கூப்பிடும் 'தோ'வே முதலில் வருவது ஒரு வேடிக்கை. சஹானா, கல்யாணி, ரஞ்சனி அழகுதான், ஆனால் அக்கம்பக்கத்தில் அந்தப் பெயரில் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

அகராதியில் பழஞ்சொல் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தொல்காப்பிய மரபியலில் பெண் நாய்க்குரிய சொற்களில் ஒன்று 'பாட்டி'. வீட்டுப் பாட்டி இருக்கும்போது இலக்கணம் பேசிப் பயனில்லை.

மனிதரும் சாமியும்

மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு அக்கா, பள்ளிக்கூட டீச்சர் என்று நெருங்கிய எவர் பெயரும் வேண்டாம். அவர்கள் சிரித்துவிட்டுப் போனாலும், நாயை 'ச்சீ, கீழ இறங்கு' என்று அதட்டும் ஒவ்வொரு முறையும் அது உறுத்தும். உறவினர் வீட்டுப் புதுக்குழந்தையின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாமி பெயரில் ஒரு வழக்கம் உண்டு. பசுவுக்கு லட்சுமி என்று வைப்பதை எல்லோரும் விரும்புவார்கள். நாய்க்கு அதையே வைத்தால் முகம் சுளிப்பவர் இருப்பார்கள். நாய் பைரவரின் வாகனம் என்பதால் 'பைரவி'க்கு மட்டும் பெரும்பாலும் எதிர்ப்பு வராது. மாற்று மதத்தார் புனிதமாக நினைக்கும் பெயரையும் தொடாதீர்கள், தெருவில் உரக்கச் சொல்லப்போவது நீங்கள்தான்.

ஐந்து பெயரை எடுத்துச் சோதியுங்கள்

முழுப்பெயரும் சுருக்கமுமாக ஐந்து ஜோடியை எழுதிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். ஒவ்வொன்றையும் பத்து முறை உரக்கக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு நிறுத்திய பெயரை அங்கேயே அடித்துவிடலாம். பிறகு கிசுகிசுத்தும், கோபத்திலும் சொல்லிப் பாருங்கள். வீட்டில் வயதானவரையும் மழலை பேசும் பிள்ளையையும் சொல்லச் சொல்லுங்கள்; இருவர் வாயிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தால் அது நிற்கும். 'தாழை'யை ஒருவர் 'தாளே' என்றும் இன்னொருவர் 'தாயே' என்றும் சொன்னால் வேறு பெயரைப் பாருங்கள். கடைசியாக, ஆஸ்பத்திரி வரவேற்பில் முன்பின் தெரியாத ஒருவர் அட்டையைப் பார்த்து வாசிப்பதாக நினைத்துப் பாருங்கள்.

முடிவான பின் இரண்டு வடிவத்தையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். வேலைக்கு வரும் அம்மா உட்பட எல்லோரும் கூப்பிடும் பெயரை மட்டுமே சொல்ல வேண்டும், குறைந்தது முதல் மாதம்.

பெயரைப் பழக்குவது

உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவில் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் சேர்ந்த குழம்பிலிருந்து எடுத்த துண்டு வேண்டாம், வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. சத்தமில்லாத அறையில் குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த ஒரு வினாடிக்குள் 'நல்ல பொண்ணு' சொல்லித் துண்டைக் கொடுங்கள். திரும்பவில்லையென்றால் பெயரை மறுபடி சொல்லாமல் நாக்கைச் சொடுக்கிக் கவனத்தை இழுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பெரும்பாலான நாய்க்குட்டிகள் ஒரு வாரத்துக்குள் பிடித்துக்கொள்ளும். பிறகு தாழ்வாரம், வாசல், கடைசியில் தெரு. வீட்டுக்குள் நன்றாகத் திரும்பும் குட்டி தெருவில் திரும்பாவிட்டால் அது திமிர் அல்ல; படியைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

பூனைக்கும் பெயர் தெரியும். ஜப்பானில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், அதே நீளமுள்ள வேறு சொற்களை அடுக்கிச் சொல்லி அலுத்துப்போன பூனைகள் தம் பெயர் வந்ததும் காதையோ தலையையோ அசைத்தன. வருவதா வேண்டாமா என்பது அதன் விருப்பம். பெயரைச் சொல்லி ஒரு நொடி கழித்துத் தட்டை வைப்பது போதும். வேளைதோறும் அதே வரிசை, தட்டு முதலில் போனால் பெயருக்கு மதிப்பில்லை.

பெயர் கெட்டுப்போக மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, 'செம்பி செம்பி செம்பி' என்று ஓயாமல் சொல்வது. அது பின்னணி இரைச்சலாகிவிடும். அடுத்தது, அதட்டும்போது பெயரைச் சேர்ப்பது. அதட்ட 'வேணாம்' போதும், பெயர் தேவையில்லை. மூன்றாவது, கூப்பிட்டு வரவைத்து நகம் வெட்டுவது, குளிப்பாட்டுவது, மருந்து புகட்டுவது. அதற்கெல்லாம் நீங்களே எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.

வளர்ந்த பிராணிக்குப் பெயர் மாற்றுவது

தத்தெடுத்த நாய்க்குப் பழைய பெயர் பதிந்திருந்தால் வரிசை முக்கியம்: புதுப்பெயர், உடனே பழைய பெயர், பிறகு தின்பண்டம். புதியது முன்னால் வந்தால்தான் அது பழையதற்கு முன்னறிவிப்பாகி ஒட்டிக்கொள்ளும். மாற்றிச் சொன்னால் பழையதிலேயே திரும்பிவிடும், புதியது காதில் ஏறாது. ஒரு வாரம், பத்து நாளில் பழையதை விட்டுவிடலாம். பழைய பெயரைக் கேட்டாலே ஒடுங்கிப் பம்மும் நாயென்றால் அதை ஒருமுறைகூட உச்சரிக்காமல் புதியதை மட்டும் பழக்குங்கள்.

அட்டையும் கழுத்துப்பட்டையும்

முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் போடும்போது அட்டையில் பெயர் கேட்பார்கள், அதுதான் உங்கள் கெடு. முழுப்பெயரை எழுதுங்கள். ழ, ள வரும் பெயரென்றால் ஆங்கில எழுத்துக்கூட்டலை அன்றே முடிவு செய்து, மூன்று மாதத்தில் போடும் ரேபிஸ் ஊசிச் சான்றிலும், மாநகராட்சி உரிம விண்ணப்பத்திலும், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவிலும் ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். சான்றுக்கும் விண்ணப்பத்துக்கும் பெயர் வேறுபட்டால் திருப்பி அனுப்ப அது ஒன்றே போதும்.

கழுத்துப்பட்டை வில்லையில் முதலில் தொலைபேசி எண், இடமிருந்தால் கூப்பிடும் பெயர். முழுப்பெயரைப் பொறித்து எண்ணைச் சிறிதாக்காதீர்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறை தளர்த்திப் பாருங்கள். பூனைக்கு என்றால், எங்காவது மாட்டி இழுபட்டால் தானே கழன்றுவிடும் கொக்கி உள்ள பட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.